எஞ்சின் இல்லாத லாரிக்கு முதல் முறை

நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இந்த லாரி புக்கிங் ஆபீஸின் முதலாளியம்மா பரமேஸ்வரியைப் பார்த்துப் பல வருஷம் வயிறெரிந்தவன் நான். பிறகு அவரிடமே வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே எரிந்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று போன மாதம் அவர் கேட்டார். என்ன எழுதட்டும் என்றேன். "நடந்தத எழுதுங்கண்ணா, போதும்" என்றார். நடந்ததை எழுதினால் அதில் என் பொறாமைதான் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். அவரே கேட்டது, அவரே படித்துக்கொள்ளட்டும்.

வண்டி பிடிப்பது, பில் போடுவது, டிரைவரிடம் பேசுவது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ஊரில் லோடு எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்ககிரியில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் சங்க ஆபீஸ் இருந்தது. உள்ளூர் லாரிக்காரர்கள் கூடி வைத்த சங்கம். சுற்றுவட்டார மில்களில் என்ன லோடு ஏறினாலும் அது சங்கத்து லாரிக்குத்தான். வந்து பதிந்த வரிசைப்படி வண்டி எண்களை ஒரு கரும்பலகையில் எழுதி வைப்போம். மேலே இருக்கும் எண்ணுக்கு முதல் லோடு. அதற்கு முறை என்று பெயர். எழுதுகிறவன் நான். என் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்த லாரியும் மில் கேட்டைத் தாண்டி லோடோடு வெளியே வர முடியாது. வெளியூர் வண்டி ஏதாவது ஏற்றிவிட்டால் எங்கள் ஆட்கள் போய் மறித்து மூட்டைகளை இறக்க வைப்பார்கள்.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. பலகையில் எண்ணை எழுதுவது நான், அழிப்பது லாரிக்காரர். லோடு கிடைத்ததும் அவரே வந்து, தன் எண்ணைத் தன் கையால் அழித்துவிட்டுப் போவார். வேறு யாரும் தொடக்கூடாது, தலைவர்கூடத் தொடக்கூடாது. இன்னொருவர் முறையை அழிப்பது அவர் சோற்றில் கை வைப்பதற்குச் சமம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவனைப் பெரிய கம்பெனிக்காரன் விழுங்கிவிடக் கூடாது என்று ஆரம்பித்த ஏற்பாடு அது. கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை.

ஆனால் நாளாக நாளாக அந்தப் பலகையில் ஓடாத வண்டிகள் ஏற ஆரம்பித்தன. எடைமேடைக்குப் பக்கத்தில் பழனியப்பன் என்பவரின் லாரி ஒன்று நின்றது. அதன் எஞ்சினை எப்போதோ கழற்றி விற்றுவிட்டார். அடியில் ஆடுகள் படுத்திருக்கும். ஆனால் பலகையில் அதற்கு முறை உண்டு. முறை வரும்போது ஓடுகிற வண்டி வைத்திருக்கும் வேறொருவருக்கு அதை விட்டுக்கொடுத்து, பழனியப்பன் தனக்கொரு பங்கு வாங்கிக்கொள்வார். பழனியப்பனும் மனுஷன்தானே, வயதான காலத்தில் பிழைத்துப் போகட்டும் என்று நான் கண்டும் காணாமல் இருந்தேன். அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள்.

பரமேஸ்வரி அப்போது அதே ஆபீஸில் போன் எடுக்கிற வேலை பார்த்தார். ஊர் சங்ககிரிக்குப் பக்கம். என் மேஜை கவுண்டரைப் பார்த்து இருந்தது, அவர் மேஜை சுவரைப் பார்த்து. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் முன்னால் நாள் முழுக்க லாரிக்காரர்கள் நிற்பார்கள். அவர்கள் முகம், அவர்கள் கஷ்டம், மகள் கல்யாணம், டயர் தேய்ந்தது எல்லாம் எனக்கு அத்துப்படி. லோடு வைத்திருக்கும் மில்காரர்கள் நேரில் வர மாட்டார்கள், போனில் பேசுவார்கள். அவர்கள் கஷ்டமெல்லாம் பரமேஸ்வரியின் காதுக்குத்தான் போனது.

"ஏனுங்கண்ணா, கிழக்கால மில்லுக்காரரு நாலு நாளா கேட்டுட்டே இருக்காருங்க. குடோன்ல எடமில்லீங்களாமா" என்பார்.

"முறை வரும்போது வண்டி வரும்னு சொல்லும்மா."

"முறையில மொத வண்டி பழனியப்பண்ணனோடதுங்க. அத ஆரு தள்ளிட்டுப் போறதுங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிடுவார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். போன் எடுக்கிற பெண்ணுக்கு இவ்வளவு வாயா என்று நினைப்பேன். கேள்வியில் இருந்த விஷயத்தை நினைக்க மாட்டேன்.

ஒரு நாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். அடுத்த மாதமே சாலைக்கு அந்தப் பக்கம், டயர் ரீட்ரெடிங் கடையை ஒட்டி, ஒரே ஒரு அறையில் சொந்தமாக புக்கிங் ஆபீஸ் போட்டார். வடக்கிலிருந்து சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் லாரிகள் இந்த நெடுஞ்சாலையில் எத்தனை ஓடுகின்றன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றை நிறுத்தி லோடு ஏற்றலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டோம். அவர் செய்தார். எந்த மாநிலத்து வண்டியானாலும் அவருக்குச் சரி. காலையில் மில்காரர் கூப்பிட்டால் மதியம் வண்டி கேட்டில் நின்றது. வாடகையும் எங்களைவிடக் குறைவு.

இனி என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாசலில் நிற்கும் வண்டிகளை நான் ஜன்னல் வழியாக எண்ணுவேன். எண்ணி முடித்ததும் தலைவலி வரும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், அப்போது அங்கே கேட்கும் சிரிப்புச் சத்தம் இன்னும் மோசமாக இருந்தது. எங்கள் ஆபீஸில் நல்ல டீ வாங்கி வைத்திருக்க, அவர் ஆபீஸுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஆறின டீயைக் குடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்டேன். மொழி தெரியாத டிரைவர்கள்கூட அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். இருபது வருஷம் சீட்டு எழுதிக் கொடுத்த என்னை ஒருவனும் அண்ணா என்று மனதாரக் கூப்பிட்டதில்லை, சீட்டுக்காகக் கூப்பிட்டார்கள். அவருடைய போன் எண் சுலபமாக நினைவில் நிற்கும் எண். அதுகூட எனக்கு ஆகவில்லை.

என் வீடு சேலத்தில். மாதம் ஒரு தடவை அங்கே எங்கள் மாதாகோயில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன். பொறாமைப்பட்டேன் சுவாமி என்பேன். மூன்றாம் மாதம் அவர் குரலைத் தாழ்த்தி, "இந்தத் தடவையும் அதே லாரி ஆபீஸ் அம்மாதானா?" என்று கேட்டார். ஆமாம் சுவாமி என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

பொறாமைக்காரன் தன் பொறாமைக்கு எப்போதும் நல்ல பெயர் ஒன்று வைத்திருப்பான். நான் வைத்த பெயர், நம்மாட்கள் பிழைப்பு. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். வெளியூர் வண்டி இங்கே லோடு ஏற்றினால் நம் டிரைவர்கள் தெருவில் நிற்பார்கள், நம் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள் என்று கேட்டேன். கை தட்டினார்கள். பரமேஸ்வரி அனுப்பும் வண்டிகளை மில் கேட்டிலேயே மறிப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

அடுத்த வாரமே அதற்கு வேலை வந்தது. கிழக்கே இருந்த ஒரு ஜவ்வரிசி மில்லில் மூன்று லோடு மூட்டைகள் வடக்கே போகக் காத்திருந்தன. அங்கே நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பாடு. விரதம் ஆரம்பிப்பதற்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் சீந்த ஆள் இருக்காது. மில்காரர் எங்களிடம் கேட்டுச் சலித்து, பரமேஸ்வரியிடம் சொல்லியிருந்தார். அவர் அனுப்பிய மூன்று வெளி மாநில வண்டிகளை நானே முன்னால் நின்று கேட்டில் மறித்தேன். டிரைவர்கள் பாஷை புரியாமல் விழித்துவிட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முறைப்படி வண்டி அனுப்புகிறோம் என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு ஆபீஸுக்கு வந்து பலகையைப் பார்த்தேன். வரிசையில் முதல் எண், எடைமேடை ஓரம் ஆடு படுத்திருக்கும் வண்டியுடையது. பழனியப்பன் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போயிருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் வந்து தன் கையால் அழிக்காமல் அடுத்த எண்ணுக்கு லோடு போகாது. இரண்டாவது, மூன்றாவது வண்டிக்காரர்களைக் கூப்பிட்டேன். "பழனியப்பண்ணன் வராம நாங்க ஏத்த மாட்டோமுங்க. நாளைக்கு எங்க முறையவும் இப்படித்தான தாண்டுவீங்க?" என்றார்கள். நான் கட்டிக் காத்த சட்டத்தை எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீஸ் வாசலில் பெண்கள் கூட்டம். அந்த மில்லில் மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறவர்கள், களத்தில் ஜவ்வரிசி காயப் போடுகிறவர்கள். மாவு ஒட்டிய சேலையோடு அப்படியே வந்திருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பவில்லை என்றால் சரக்கு வேண்டாம் என்று வடக்கே இருந்து சொல்லிவிட்டார்களாம். குடோன் நிறைந்து கிடக்கிறது, இதற்கு மேல் மாவு அரைத்து எங்கே கொட்டுவது, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், இந்த சீசனுக்கே வேலை இருக்காது என்று மில்காரர் சொல்லியிருக்கிறார். அவரிடம் சண்டை போடாமல் நேரே என்னிடம் வந்திருந்தார்கள்.

இருபது வருஷத்தில் அந்தக் கவுண்டருக்கு லாரி இல்லாத ஒருவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. பாவாயி என்று ஒரு அம்மாள், ஐம்பதை ஒட்டிய வயது, முன்னால் வந்தார். கோபமாகப் பேசவில்லை. பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன்.

"இது என்னங்க சாமி?"

"முறை. வரிசைப்படி வண்டிங்க பேரு. யாரு பொழப்பும் கெடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கோம்."

"இதுல எங்க பேரு எங்கீங்க இருக்குது?"

சங்கக் கூட்டத்தில் கேட்டேனே, நம் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள் என்று. இவர்களும் நம் ஆட்கள்தான். இத்தனை வருஷமும் அந்த மில்லில் இருந்தார்கள். நான் பார்த்ததே இல்லை. என் நாற்காலியிலிருந்து தெரிந்தது கவுண்டரும் அதில் சாய்ந்து நின்றவர்களும்தான்.

அந்த நேரத்தில் என் பின்னால் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மணி ஒன்றரை. தலைவர் ஊரில் இல்லை. கூட்டம் போட்டு முடிவெடுக்க நேரம் இல்லை. நான் செய்தது தைரியத்தால் என்று நினைக்காதீர்கள். அந்த அம்மாள் இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. எழுந்து போய்ப் பழனியப்பனின் எண்ணை என் உள்ளங்கையால் அழித்தேன்.

"ஏனுங்க! என்ன பண்றீங்க?" என்று பின்னால் சத்தம் எழுந்தது. ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், அது தோளில் கிழிந்தது. சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவர் கையை விடுவித்துக்கொண்டு, சாலையைத் தாண்டினேன். அந்த நாலுவழிச் சாலையை அவ்வளவு அகலமாக நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

பரமேஸ்வரி போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்கண்ணா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

இரண்டு வார்த்தை குத்தலாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேசவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அரை மணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்திருப்பேன்.

"வடக்கே போற மூணு வண்டி வேணும். சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்."

"அன்னைக்கு நீங்க மறிச்ச வண்டிக வேற லோடுக்குப் போயிருச்சுங்க."

"அப்ப முடியாதா?"

"ஆரு முடியாதுன்னது? ரோட்டுல ஓடிட்டுத்தான இருக்குதுங்க. ஆனா சீட்டு இல்லாம மறுபடியும் கேட்ல மறிப்பாங்களே?"

சீட்டுப் புத்தகத்தை அவர் மேஜையிலேயே விரித்து மூன்று சீட்டில் கையெழுத்துப் போட்டேன். வண்டி எண் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். இருபது வருஷத்தில் வெறுஞ்சீட்டில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டுப் போனை எடுத்தார். இந்தியில் பேசினார், தெலுங்கில் பேசினார், டோல்கேட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் பேசினார். நாலு மணிக்குள் மூன்று வண்டிகள் மில்லுக்குள் நுழைந்துவிட்டன. இருட்டுவதற்குள் மூட்டை ஏறிக் கிளம்பின. என் சீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்களே கேட்டில் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பழனியப்பன் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, பலகையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சங்கம் என்னை வேலையை விட்டு நிறுத்தியது. அதில் அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு தடவை ஒருவன் அழித்துவிட்டான் என்றால் அப்புறம் பலகைக்கு என்ன மரியாதை? மில்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்களுக்கு வேண்டிய வண்டியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போட்டி வந்ததும் எல்லோரும் நன்றாக வாழ்ந்தார்கள் என்று நான் சொன்னால் அது பொய். பழனியப்பன் அந்த லாரிக் கூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார், அதோடு இந்தத் தொழில் அவருக்கு முடிந்தது. அவர் வீட்டுப் பக்கம் போக இன்றைக்கும் எனக்குக் கால் வராது. ஒற்றை லாரிக்காரர்கள் இன்னும் சிலரும் விற்றுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே பெயிண்ட் அடித்து, டயர் மாற்றி, பரமேஸ்வரி வாசலிலேயே வந்து நின்றார்கள். இரண்டாவது வண்டி வாங்கினார்கள், அதற்கு டிரைவர் வைத்தார்கள். அன்றைக்கு இந்தச் சாலையில் இரண்டே இரண்டு புக்கிங் ஆபீஸ். இன்றைக்கு எத்தனை என்று நீங்களே வெளியே போய் எண்ணிப் பாருங்கள், அவற்றில் வேலை பார்ப்பவர்களையும் சேர்த்து. அந்த ஜவ்வரிசி மில்லில் களம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. சீக்கிரம் சரக்கு போகும் என்று தெரிந்தால் மில்காரர் துணிந்து ஆர்டர் எடுக்கிறார். ஆர்டர் எடுத்தால் ஆள் கூப்பிடுகிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

வேலையில்லாமல் நாலு மாதம் வீட்டில் இருந்தபோது பரமேஸ்வரியே ஆள் அனுப்பினார். போனேன். மேஜையைச் சுவரைப் பார்த்துப் போட்டு, போனை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலைதான்.

சொல்ல வெட்கப்பட்டு ஒன்றை விட்டுவிட்டேன். நடந்ததை எழுதச் சொன்னதால் அதையும் எழுதுகிறேன்.

வண்டிகள் கிளம்பிய மறுநாள் காலையில் நான் அந்த மில்லுக்குப் போனேன். என் வேலை போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. பூசைக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, மில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கேட்டுக்கு நேராக நின்றேன். பெண்கள் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். பாவாயியும் வந்தார். கேட்டுக்கு உள்ளே பரமேஸ்வரி ஏதோ கணக்குக்காக மில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் நேராக அவரிடம் போனார்கள். ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கோணும் கண்ணு, எங்க வேலைய மீட்டுக் குடுத்துட்டே" என்று பாவாயி சொன்னது எனக்குக் கேட்டது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எண்ணை அழித்தது நான், சட்டை கிழிந்தது எனக்கு, வேலை போவது எனக்கு, வாழ்த்து மட்டும் அவருக்கா என்று நெஞ்சு பொங்கியது. இரண்டடி முன்னால் போய் இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றேன்.

பாவாயி அப்போதுதான் என்னைக் கவனித்தார். வேகமாக என்னை நோக்கி வந்தார். நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"நடுவால நின்னுட்டு இருக்கீங்களே சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. லாரி வருதுங்க."

தள்ளி நின்றேன். லாரி உள்ளே போயிற்று.